டாங்கிக்கு இத்தனை துரு எதற்கு?

மாதிரி டாங்கி என்றாலே துருவை அள்ளி அப்புகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. போர்முனையில் பல டாங்கிகள் துருப்பிடிக்கும் அளவுக்கு நாள் தாங்கியதே இல்லை. புகைக்குழாய் துருப்பிடிக்கும், சரி. பீரங்கிக் கோபுரம் ஏன்?

1941-இல் திரிபோலியில் வந்திறங்கிய ஜெர்மன் பான்சர்-3 டாங்கிகள் அடர்சாம்பல் நிறம். பாலைவன மஞ்சளைப் பிறகுதான் மேலே பூசினார்கள். ஆகவே, பூட்ஸ் உரசும் விளிம்புகளில் தெரிய வேண்டியது அந்தச் சாம்பல். ஸ்பாஞ்சுத் துணுக்கால் அதை மெல்ல ஒற்றுவேன், மிகமிகச் சிறிதாக. 35-இல் ஒரு பங்கு மாதிரியில் ஒரு மில்லிமீட்டர் பெயர்ப்பு, நிஜத்தில் மூன்றரை சென்டிமீட்டர்!

அந்த வண்டிக்குள் ஐந்து பேர் இருந்தார்கள். எங்கே கால்வைத்து ஏறினார்கள், எங்கே எரிபொருள் சிந்தியது என்று பழைய புகைப்படங்களில் தேடிவிட்டுத்தான் தூரிகையைத் தொட வேண்டும்.