பல் போனால் மூச்சும் போகுமா?

பாறசாலையில் ஏறிக் களியக்காவிளையில் இறங்கும் பஸ் பயணிக்கு, மாநிலம் மாறிவிட்டது என்பதைக் கடைகளின் பெயர்ப் பலகைகள்தான் சொல்ல வேண்டும். 1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் பிறந்தபோது விளவங்கோடு தாலுகா அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே தங்கிவிட்டது. தமிழ் பேசும் குடும்பங்கள் கோட்டின் இரு பக்கமும் நின்றன. வீடு ஒரு மாநிலத்திலும் கடை இன்னொரு மாநிலத்திலும் இருப்பது இந்த ஊர்களில் யாருக்கும் அதிசயமல்ல.

வைத்தியமும் அப்படித்தான். நெஞ்சு, மூளை என்றால் வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கும் திருவனந்தபுரம். அங்கே 1951இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஸ்ரீசித்ரா திருநாள் மருத்துவ நிலையத்தில் தூக்கக் கோளாறுகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. பல்வலி என்றால் அவ்வளவு தூரம் யாரும் போவதில்லை. பக்கத்து கிளினிக், இல்லாவிட்டால் எல்லை தாண்டி மார்த்தாண்டம். இதனால் ஒரே நோயாளியின் கதை இரண்டு ஊர்களில், இரண்டு ஃபைல்களில், சில சமயம் இரண்டு மொழிகளில் எழுதப்படுகிறது. பெரும்பாலும் இதனால் கெடுதல் இல்லை. இரவில் 'சிபாப்' இயந்திரம் மாட்டிக்கொண்டு தூங்குகிறவர் பல்லைப் பிடுங்கிக்கொள்ளும்போதுதான் இந்த இடைவெளி ஆபத்தாகிறது.

பல் டாக்டர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் எல்லோருக்கும் தெரிந்தவை. சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா? நோயாளி தன் மாத்திரைச் சீட்டை எடுத்து நீட்டுகிறார். இயந்திரம் மாத்திரைச் சீட்டில் இருப்பதில்லை. அது கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பெட்டி. அதை ஒரு மருந்தாக அவர் நினைப்பதே இல்லை, ஆகவே சொல்வதும் இல்லை. வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு வீடு திரும்பிய பிறகு, இரவு பத்து மணிக்கு, முகமூடியைக் கையில் எடுக்கும்போதுதான் கேள்வி எழுகிறது: இதை இன்றைக்கு மாட்டலாமா?

அது எதற்கான இயந்திரம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஸ்லீப் ஆப்னியா எனப்படும் நோயில் தூக்கத்தின்போது தொண்டையின் தசைகள் தளர்ந்து காற்றுப் பாதை அடைபடுகிறது. குறைந்தது 10 விநாடிகள் மூச்சு நிற்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. மூளை பதறி உடலை உசுப்புகிறது. பெரிய குறட்டையோடு மூச்சு திரும்புகிறது. மணிக்கு 5 தடவைக்கு மேல் மூச்சு இப்படித் தடைப்பட்டால் நோய் என்றும், 30 தடவையைத் தாண்டினால் தீவிரம் என்றும் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் இதற்கு ஓர் எளிய வழி கண்டார். மூக்கின் வழியே காற்றைத் தொடர்ந்த அழுத்தத்தில் செலுத்தினால் தொண்டை ஒட்டிக்கொள்ளாது. 1981இல் 'லான்செட்' இதழில் அவரும் சகாக்களும் இதை வெளியிட்டார்கள். இன்றைய இயந்திரங்கள் பொதுவாக 4 முதல் 20 சென்டிமீட்டர் நீர் அழுத்தத்துக்குள் வேலை செய்கின்றன. ஆனால் இயந்திரம் நோயைக் குணப்படுத்துவதில்லை. மாட்டிய இரவில் காக்கிறது. கழற்றி வைத்தால் ஓரிரு இரவுகளிலேயே மூச்சுத் தடை திரும்பிவிடுகிறது.

பல் பிடுங்கியவருக்கு வரும் பயம் நியாயமானதுதான். பல் இருந்த குழியில் உறையும் ரத்தக் கட்டிதான் அந்தப் புண்ணுக்கு மூடி. அது பெயர்ந்து போனால் எலும்பு வெளியே தெரிந்து, இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் காது வரை பாயும் வலி தொடங்கும். இதனால்தான் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாதே, சிகரெட் பிடிக்காதே, காறித் துப்பாதே என்கிறார்கள். காற்றை ஊதும் இயந்திரமும் கட்டியைப் பெயர்த்துவிடும் என்று நோயாளி முடிவு செய்துகொள்கிறார்.

இங்கே ஒரு வேறுபாடு இருக்கிறது. ஸ்ட்ரா உறிஞ்சுவது கட்டியை வெளியே இழுக்கும் வேலை. சிபாப் இழுப்பதில்லை, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தள்ளுகிறது. மூக்கில் மாட்டும் முகமூடியுடன் வாய் மூடியிருந்தால் புண்ணின் மேல் காற்று வீசுவதே இல்லை. ஆகவே கீழ்த்தாடைப் பல் ஒன்றைச் சாதாரணமாகப் பிடுங்கியவர், டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை, அன்றிரவே இயந்திரத்தைத் தொடர்வதுதான் பொதுவான நடைமுறை. தொந்தரவு தருவது வாய் வழியே கசியும் காற்று. அது வாயை வறளச் செய்யும், புண்ணை எரிய வைக்கும். இயந்திரத்தோடு வரும் ஈரப்பதத் தொட்டியில் காய்ச்சி வடித்த நீரை ஊற்றி, ஈரத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் இது பெருமளவு அடங்கும்.

மேல்தாடையின் கடைவாய்ப் பற்கள் வேறு சங்கதி. அவற்றின் வேர்களுக்கு மேலே, சில சமயம் தாள் கனத்தில் ஓர் எலும்பை மட்டும் தடுப்பாக வைத்து, கன்ன எலும்பின் காற்றறை இருக்கிறது. அது மூக்கோடு தொடர்புள்ளது. பல்லைப் பிடுங்கும்போது அந்தத் தடுப்பு உடைந்தால் மூக்குக்கும் வாய்க்கும் நடுவே வழி திறந்துவிடும். அப்படிப்பட்டவரை இரண்டு வாரம் போல மூக்குச் சிந்தாதே, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மு என்று எச்சரிப்பார்கள். மூக்கு வழியே இரவெல்லாம் அழுத்தம் கொடுக்கும் இயந்திரமும் மூக்குச் சிந்துவதற்கு ஒப்பானதுதான். காற்று திசுக்களுக்குள் புகுந்து கன்னம் வீங்கி, தொட்டால் நறநறவென்று ஒலிக்கும் நிலையும் வரலாம். இம்ப்ளாண்ட் பல் வைப்பதற்காகக் காற்றறையின் தரையை உயர்த்தும் ஆபரேஷனுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். இந்த இடங்களில் இயந்திரத்தைச் சில நாள் நிறுத்துவதா, அழுத்தத்தைக் குறைப்பதா என்பதைப் பல் டாக்டரும் தூக்க டாக்டரும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். நோயாளி தானாக முடிவு செய்யக் கூடாது.

முகமூடியும் யோசிக்க வேண்டிய விஷயம். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் பெரிய வகை, கீழுதட்டுக்கு அடியில் அழுந்தி நிற்கும். சிறிய மூக்கு முகமூடி மேலுதட்டின் மேல் உட்காரும். தையல் எந்தப் பக்கம் என்பதைப் பார்த்து வகையை மாற்றினால் பாதி வலி குறையும். மூக்குத் துளையில் மட்டும் பொருந்தும் வகையும் உண்டு. வாய் திறக்காமலிருக்கத் தாடையில் கட்டும் பட்டையை, வீக்கம் வடியும்வரை அவிழ்த்து வைப்பது நல்லது. எல்லாப் பற்களையும் எடுத்துவிட்டுச் செட் கட்டிக்கொள்ளும் முதியவர்களுக்கு இன்னொரு சிக்கல். இரவில் செட்டைக் கழற்றியதும் கன்னம் ஒட்டிப்போய், பழைய முகமூடி பொருந்தாமல் காற்று கசியும். இயந்திரம் கெட்டுவிட்டது என்று மூலையில் வைத்துவிடுகிறவர்கள் உண்டு. மாற்ற வேண்டியது முகமூடியின் அளவை மட்டும்தான்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து மருந்துக் கடையிலிருந்து வரலாம். பல்வலிக்கு டிரமடால், கோடீன் கலந்த மாத்திரைகள் தரப்படுவதுண்டு. பதற்றம் தணிய, தூக்கம் வர என்று அல்ப்ராசோலம் சேர்வதும் உண்டு. இவை தொண்டைத் தசையை மேலும் தளர்த்தும். மூச்சு நின்றால் எழுப்ப வேண்டிய மூளையையும் மந்தமாக்கும். புண்ணுக்குப் பயந்து இயந்திரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, வலிக்குப் பயந்து இந்த மாத்திரையையும் விழுங்கிப் படுப்பவர் தன் காவலாளியை அனுப்பிவிட்டுக் கதவையும் திறந்து வைக்கிறார். அமெரிக்க மயக்கவியல் சங்கம் 2006இல் வெளியிட்டு 2014இல் புதுப்பித்த வழிகாட்டுதல்கள் இதையே வலியுறுத்துகின்றன: ஆப்னியா நோயாளிக்கு ஆபரேஷனுக்குப் பின் போதைத்தன்மையுள்ள வலி மருந்துகளை இயன்றவரை குறையுங்கள், ஏற்கனவே சிபாப் பயன்படுத்துகிறவருக்கு அதைத் தொடருங்கள். பல் பிடுங்கிய வலிக்குப் பாராசிட்டமாலும், வயிற்றுப் புண்ணோ சிறுநீரகக் கோளாறோ இல்லாதவருக்கு ஐபுபுரோஃபெனும் பெரும்பாலும் போதும்.

டாக்டரே இயந்திரத்தைச் சில நாள் நிறுத்தச் சொன்னால், அந்த இரவுகளுக்கு ஏற்பாடு வேண்டும். தலையையும் தோளையும் உயர்த்தி, ஒருக்களித்துப் படுக்க வேண்டும். மது கூடாது. அதே அறையில் ஒருவர் படுத்துக்கொள்வது நல்லது. பகலில் கண் சொருகினால் பைக் ஓட்டக் கூடாது. இயந்திரத்துக்குப் பதிலாகச் சிலர் மாட்டும், கீழ்த்தாடையை முன்தள்ளும் வாய்க் கருவியும் அந்த நாட்களில் உதவாது. அது நிற்பதே பற்களின் மேல்தான்.

எல்லைக் கிராமங்களில் இதற்கெல்லாம் மேலே மொழி இருக்கிறது. தமிழில் குறட்டை என்பதை மலையாளத்தில் கூர்க்கம் என்கிறார்கள். மூச்சு முட்டுகிறது என்று சொன்னால் கேட்பவர் ஆஸ்துமா என்று எழுதிக்கொள்ளலாம். வாய்ச் சொல்லை நம்புவதைவிடக் காகிதத்தை நம்புவது மேல். தூக்கப் பரிசோதனை அறிக்கையின் முதல் பக்கத்தையும், இயந்திரத்தில் வைத்திருக்கும் அழுத்தத்தின் எண்ணையும், முகமூடியின் வகையையும் ஒரு தாளில் எழுதி, மாத்திரைச் சீட்டோடு சேர்த்து வைத்தால் போதும். எண்ணுக்கு மொழி கிடையாது. அது தமிழ் டாக்டருக்கும் மலையாள டாக்டருக்கும் ஒன்றுதான்.

பல் டாக்டரிடம் கேட்க வேண்டியவையும் அதிகமில்லை. பிடுங்கிய பல் காற்றறைக்குப் பக்கத்தில் உள்ளதா? இன்றிரவு இயந்திரம் மாட்டலாமா, கூடாதென்றால் எத்தனை நாள்? நீங்கள் எழுதியிருக்கும் மாத்திரை மூச்சை மந்தப்படுத்துமா? மூன்றையும் நாற்காலியில் சாய்வதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். ஊசி போட்டு நாக்கு மரத்துப்போன பிறகு கேட்க முடியாது. பல் போனால் சொல் போச்சு என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.