பழைய மருந்துச் சீட்டும் சிறுநீரகக் கல்லும்

சென்ற முறை எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டி, சளி பிடித்த குழந்தைக்கு அதே ஆன்டிபயாடிக்கை மீண்டும் வாங்கிக் கொடுக்கும் வழக்கம் கைவிடப்பட வேண்டும் என்பதே எங்கள் கருத்து. கேட்டவுடன் எழுதித் தரும் மருத்துவர்களாகிய எங்கள் பக்கமும் தவறுண்டு.

பெரும்பாலான சளி வைரசால் வருவது. அதை இம்மருந்துகள் அழிப்பதில்லை. தீங்கோ உண்டு. பிரிட்டன் நோயாளிகளின் பதிவேடுகளை ஆராய்ந்த பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனை ஆய்வாளர்கள், சல்ஃபா, செஃபலோஸ்போரின் உள்ளிட்ட ஐந்து வகை ஆன்டிபயாடிக்குகளை உட்கொண்டோரிடம் சிறுநீரகக் கல் கூடுதலாகக் காணப்படுவதை 2018ஆம் ஆண்டு தெரிவித்தனர். இளவயதில் உட்கொண்டோரிடம் இத்தொடர்பு மேலும் வலுவாக இருந்தது. ஊசிவழி செலுத்தும் செஃப்ட்ரியாக்சோன், கால்சியத்துடன் சேர்ந்து சில குழந்தைகளுக்குக் கல்லாகப் படிவதும் உண்டு. மருந்தை நிறுத்தியபின் அது பெரும்பாலும் கரைந்துவிடும்.

இதற்கு அஞ்சி, மருத்துவர் தந்த மருந்தை நீங்களாகவே பாதியில் நிறுத்தலாகாது. நிமோனியாவையோ சிறுநீர்த் தொற்றையோ கவனியாது விட்டால் நேரும் கேடு கல்லினும் பெரிது. "இம்மருந்து தேவைதானா? எத்தனை நாள்?" என்று கேளுங்கள், விடை கூற நாங்கள் கடமைப்பட்டவர்கள். மருத்துவர் தடுக்காவிடில், குழந்தைக்கு நீர் தாராளமாகக் கொடுங்கள். விலாப்புற வலியோ, சிறுநீரில் இரத்தமோ, சிறுநீர் குறைவதோ கண்டால் தாமதியாது அழைத்து வாருங்கள்.