தலைமையின் நாணயம்

2024ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துப் பாராளுமன்றத் தேர்தலிலே யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் 6 ஆசனங்களுள் 3 ஆசனங்களைத் தேசிய மக்கள் சக்தி கைப்பற்றியது. தமிழ்த் தலைவர்கள் பலர் திகைத்தனர். தமிழ் மக்கள் திகைக்கவில்லை. 2025ஆம் ஆண்டு மே மாதத்து உள்ளூராட்சித் தேர்தலிலே வடக்கு, கிழக்கின் சபைகள் பலவற்றில் தமிழ்க் கட்சிகள் மீண்டும் முன்னணிக்கு வந்தன. இழந்த நம்பிக்கை திரும்பிவிட்டதென்று ஆறுதல் கொள்வோர் இதனால் உளர். அந்த ஆறுதல் அவசரமானது என்பதே எமது கருத்து. ஆறு மாதத்தில் வாக்குத் திரும்பலாம். நம்பிக்கை அவ்வளவு விரைவில் திரும்புவதன்று.

ஒரு தலைமைக்கு நாணயம் எவ்வாறு உண்டாகிறது, எவ்வாறு தேய்கிறது, தேய்ந்தது எவ்வாறு மீள்கிறது என்பதற்குப் பாடம் தேடி நாம் பிறநாடு செல்ல வேண்டியதில்லை. எமது சொந்த வரலாறே போதும்.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. அதே ஆண்டில் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் திரு. ஜீ. ஜீ. பொன்னம்பலம் சேனநாயக்காவின் அமைச்சரவையிற் சேர்ந்தார். அதனை ஏற்க மறுத்துப் பிரிந்த திரு. செல்வநாயகம் முதலியோர் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியை நிறுவினர். இன்று மலைநாட்டாருக்கு நேர்ந்தது நாளை ஏனைய தமிழருக்கும் நேரும் என்பது அவர்தம் எச்சரிக்கை. திரு. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராயிருந்த காலத்திலோ காங்கேசன்துறையிற் சீமெந்து ஆலை எழுந்தது. கண்ணுக்குத் தெரிந்த ஆலை ஒருபுறம். கண்ணுக்குத் தெரியாத எச்சரிக்கை மறுபுறம். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் திரு. செல்வநாயகம் அந்தக் காங்கேசன்துறைத் தொகுதியிலேயே ஐக்கிய தேசியக் கட்சி அபேட்சகரிடம் தோல்வியுற்றார். கட்சிக்குக் கிடைத்தவை 2 ஆசனங்களே.

தோற்றவர் சொல்லை மாற்றினாரா? இல்லை. தோற்கடித்த மக்களை ஏசினாரா? அதுவும் இல்லை. 1956 பெப்ரவரியிற் களனியிலே கூடிய ஐக்கிய தேசியக் கட்சி சிங்களமே ஆட்சிமொழி என்ற கொள்கையைத் தழுவியபோது அவரது எச்சரிக்கை மெய்யாயிற்று. ஏப்ரல் மாதத் தேர்தலில் அவரது கட்சி 10 ஆசனங்களைப் பெற்றது. வெற்றியிலும் தோல்வியிலும் சொல் ஒன்றாயிருந்தமையே அந்தத் தலைமையின் முதல் மூலதனம்.

அந்த மூலதனம் பின்னர் கரைந்ததையும் மறைத்தல் நேர்மையன்று. 1965 மார்ச் 24ஆம் நாள் டட்லி சேனநாயக்காவுடன் ஓர் உடன்படிக்கை ஒப்பமாயிற்று. கட்சி அரசாங்கத்திற் பங்கேற்றது. உடன்படிக்கையின் வாசகமோ அன்று மக்கள்முன் வைக்கப்படவில்லை. மாவட்ட சபை பற்றிய வெள்ளை அறிக்கை எதிர்ப்புக் கண்டு 1968இற் கைவிடப்பட்டது. கட்சி வெறுங்கையுடன் வெளியே வந்தது. 1970ஆம் ஆண்டுத் தேர்தலில் வட்டுக்கோட்டையிலே திரு. அமிர்தலிங்கமும், நல்லூரிலே டாக்டர் நாகநாதனும் தோற்றனர். முயன்று தோற்றதற்காக மக்கள் தண்டித்தனர் என நாம் கருதவில்லை. எதை நம்பி ஐந்தாண்டு பொறுத்திருக்கிறோம் என்பதை அறியும் உரிமை தமக்கு மறுக்கப்பட்டதை அவர்கள் பொறுக்கவில்லை.

இந்நிலையிலிருந்து மீண்ட வழியை இன்றைய தலைவர்கள் ஊன்றி நோக்குதல் வேண்டும். 1972ஆம் ஆண்டுக் குடியரசு யாப்பைத் தமிழ் மக்கள் ஏற்கவில்லை என்று கூறிய திரு. செல்வநாயகம் அறிக்கை விட்டு அமையவில்லை. அவ்வாண்டு அக்டோபரிலே தமது ஆசனத்தைத் துறந்து, “என் தொகுதி மக்களே தீர்ப்பளிக்கட்டும்” என்ற கருத்துப்பட அரசுக்கு அறைகூவல் விடுத்தார். அரசு இரண்டாண்டுக்கு மேலாக இடைத்தேர்தலை இழுத்தடித்தது. உடல் நடுக்குவாத நோயால் தளர்ந்திருந்தது. எனினும் அவர் பின்வாங்கவில்லை. 1975 பெப்ரவரி 6ஆம் நாள் காங்கேசன்துறை மக்கள் அவருக்கு 25,927 வாக்குகளையும், எதிர்த்து நின்றவருக்கு 9,457 வாக்குகளையும் அளித்தனர். அவர் மக்களிடம் நம்பிக்கையைக் கேட்கவில்லை. தம்மிடம் இருந்ததைப் பணயம் வைத்தார். நம்பிக்கை தானே வந்தது.

இதற்கு மறுதலையான பாடம் பண்டாரநாயக்காவினுடையது. 1926இல் இந்நாட்டுக்குச் சமஷ்டியே ஏற்றதென்றவர் அவர். 1956இல் 24 மணி நேரத்தில் சிங்களம் என்றவரும் அவரே. 1957 ஜூலை 26ஆம் நாள் செல்வநாயகத்துடன் ஒப்பந்தஞ் செய்தார். 1958 ஏப்ரல் 9ஆம் நாள் பிக்குமார் தம் இல்லத்து வாசலில் அமர்ந்ததும் அதனைத் துறந்தார். அடுத்த மாதமே நாடு கலவரத்திற் பற்றியெரிந்தது. நியாயம் எதுவென அறியாதவரல்லர் அவர். அறிந்த நியாயத்தைத் தம் மக்களிடமே எடுத்துரைத்து நிலைநிறுத்தும் துணிவு இருக்கவில்லை. எழுதிய ஒப்பம் ஒரு நாளில் அழியுமானால், அடுத்த ஒப்பத்தை யார் நம்புவர்? பிற்காலத்து ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலும் அந்த நிழல் வீழ்ந்தே கிடந்தது.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2013ஆம் ஆண்டிலே வட மாகாண சபையின் 38 ஆசனங்களுள் 30ஐ மக்கள் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு வாரி வழங்கினர். போரில் யாவும் இழந்தவர்கள் அளித்த ஆணை அது. ஆளுநரின் கெடுபிடியும் கொழும்பின் தடைகளும் இருந்தமை உண்மையே. எனினும் 2017இலே முதலமைச்சருக்கு எதிராக அவரது அணியினரே நம்பிக்கையில்லாத் தீர்மானத்துடன் ஆளுநரிடம் ஓடிய காட்சியைக் கொழும்பு நடத்தவில்லை. 2018 அக்டோபரிற் சபையின் காலம் முடிந்தது. பின்னர் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. அதிகாரம் போதாது என்று வாதாடியவர்கள், இருந்த அதிகாரத்தைக்கொண்டு செய்தது என்ன என்ற கணக்கை மக்களுக்குக் காட்டவில்லை. 2024ஆம் ஆண்டுத் தீர்ப்பின் வேர் இங்கேயே இருக்கிறது.

ஆகவே, இன்று சபைகளைக் கையேற்றிருப்போருக்கு நாம் கூறுவன மூன்று.

முதலாவது, கைக்கெட்டிய பணியை ஒழுங்காகச் செய்க. ஊர்ச் சந்தை, வடிகால், ஒழுங்கை, கழிவகற்றல் ஆகியன சிறியனவல்ல. வெங்காயத்தையும் மரக்கறியையும் விடியுமுன் சந்தைக்குக் கொண்டுவரும் கமக்காரனுக்கு அரசியல் அங்கேதான் தொடங்குகிறது. சந்தைக் குத்தகையில் நேர்மை காணாதவன் சமஷ்டியில் நேர்மை காண்பான் என எதிர்பார்த்தல் பேதைமை.

இரண்டாவது, கணக்கைத் திறந்து வைக்க. வந்த பணம், செலவான பணம், நின்றுபோன வேலை, நின்றதன் காரணம் ஆகிய யாவும் வாசிகசாலைச் சுவரிலே தமிழில் ஒட்டப்படட்டும். கொழும்புடன் பேசினால் பேசியதைச் சொல்க. இயலாதெனின் இயலாதென்றே சொல்க. உண்மையைத் தாங்கும் வலிமை எம் மக்களுக்கு உண்டு. அவர்கள் தாங்கியவை சிறியனவா?

மூன்றாவது, உட்பூசலை நீதிமன்ற வாசலுக்குக் கொண்டு செல்லாதிருக்க. தம்முள் ஒருவரையொருவர் நம்பாதாரை ஊரார் நம்புவதெங்ஙனம்?

மக்களுக்கும் ஒரு கடமை உண்டு. சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் மருத்துவர்களும் விறாந்தையிலிருந்து தலைவரைப் பழித்தலோடு அமையலாகாது. சபைக் கூட்டத்திற்குச் சென்று வரவுசெலவை வாசித்துக் கேள்வி எழுப்புதல் படித்தவர் கடன். கேள்வியில்லாத இடத்தில் நாணயம் நெடுநாள் தங்காது.

யாழ்ப்பாணத்துக் கமக்காரன் அறிந்த உண்மை ஒன்று உண்டு. கிணற்றை அளவுமீறி இறைத்தால் நன்னீர் போய் உவர் ஏறும். ஏறிய உவர் ஒரே மழையில் நீங்குவதில்லை. இறைப்பை அடக்கிப் பல மாரி காத்திருத்தல் வேண்டும். மக்கள் நம்பிக்கை என்னும் கிணற்றை எமது தலைவர்கள் நெடுங்காலம் இறைத்துவிட்டனர். 2025ஆம் ஆண்டு மே மாதத்திற் பெய்தது ஒரு மழை. அதனை நம்பி மீண்டும் இறைப்பு இயந்திரத்தை முடுக்குவார்களாயின், அடுத்த தேர்தலில் அவர்கள் காண்பது உவர்நீரேயாகும்.