காற்று வராவிட்டால் மோட்டாரையா மாற்றுவது?



"சென்ட்ரிஃபியூகல் பம்பை ஸ்டார்ட் பண்ணும்போது டெலிவரி வால்வ் ஏன் மூடியிருக்கணும்?" இந்தக் கேள்வி வராத வைவா உண்டா? "ஓட்டம் இல்லாதபோது பம்ப் எடுக்கும் பவர் குறைவு, மோட்டாருக்கு லோடு வராது சார்" என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறோம். நானும் ஒப்பித்தேன், மார்க்கும் வந்தது. அதே பதில் ஒரு காரின் ஹீட்டருக்குள்ளேயும் உட்கார்ந்திருக்கிறது என்பது ஊட்டியில் இன்பிளான்ட் டிரெய்னிங் போனபோதுதான் உறைத்தது. அதுவும் லேட்டாக!

"ஹீட்டரா? நம்ம ஊர் வெயிலுக்கு அதெல்லாம் எதுக்குப்பா?" என்று சிரிக்கிறவர்கள் ஒரு ஜனவரி விடியற்காலையில் ஊட்டிக்கு வந்து பாருங்கள். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே, புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாகக் கிடக்கும். நாலு பேர் ஏறி உட்கார்ந்து மூச்சு விட்டாலே முன் கண்ணாடி உள்பக்கம் மங்கிவிடும். அதோடு 36 கொண்டை ஊசி வளைவு உள்ள கல்லட்டிப் பாதையில் இறங்க வேண்டும். கண்ணாடிக்குச் சூடான காற்று வரவில்லை என்றால் ஒரு கையில் ஸ்டியரிங், இன்னொரு கையில் துணி!

அப்படித்தான் ஒரு டாக்ஸி அண்ணன் எங்கள் பட்டறைக்கு வந்தார். "தம்பி, சூடு இருக்கு, ஆனா காத்தே வரல. துடைச்சுத் துடைச்சு கையே போச்சு" என்றார். அவர் சொன்ன முதல் வாக்கியத்திலேயே பாதி வேலை முடிந்துவிட்டது, கவனித்தீர்களா? சூடு வேறு, காற்று வேறு. காற்று நன்றாக வந்து சூடு இல்லையென்றால் கூலன்ட் குறைவு, தெர்மோஸ்டாட், ஹீட்டர் காயில் அடைப்பு என்று அந்தப் பக்கம் தேடணும். சூடு இருந்து காற்று இல்லையென்றால் இன்ஜின் பக்கமே போக வேண்டாம். புளோயரும் காற்று போகும் வழியும்தான்.

பெரிய மெக்கானிக் சுவிட்சைத் திருகினார். நாலு ஸ்பீடிலும் மோட்டார் சத்தம் ஏறி இறங்கியது. கடைசி ஸ்பீடில் 'ங்ஙீ...' என்று கீச்சுக் குரலில் ஓடியது. கண்ணாடி ஓரம் கை வைத்தால் எறும்பு ஊதுகிற மாதிரி காற்று! "மோட்டார் வீக். மாத்திடலாம்" என்று சொல்லிவிட்டார். ஏற்கனவே ரெசிஸ்டர் இரண்டு முறை மாற்றிய வண்டி அது. அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு சரி என்றார். நாலு நாள் வண்டி ஓட்டிய காசு போச்சு. புது மோட்டார் போட்டும் அதே கீச்சுக் குரல், அதே எறும்பு மூச்சு. பிறகுதான் க்ளவ் பாக்ஸைக் கழற்றி கேபின் ஃபில்டரை உருவினார்கள். கற்பூர மரத்து இலைச் சருகும் தூசியும் சேர்ந்து மெத்தை மாதிரி அப்பிக் கிடந்தது. உருவிய உடனே காற்று பிய்த்துக்கொண்டு வந்தது. கழற்றி வைத்த பழைய மோட்டாரில் ஒரு குறையும் இல்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது நண்பர்களே. மெக்கானிக் பேரில் கோபமில்லை, அவர் யாரிடமும் வைவா பாடம் படித்தவரில்லை. பதில் தெரிந்த நான் அல்லவா பக்கத்தில் ஸ்பானர் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன்!

கார் புளோயரும் சென்ட்ரிஃபியூகல்தான். வழி அடைத்தால் தள்ளக் காற்று இல்லை, லோடு குறைகிறது, மோட்டார் வேகமாகச் சுற்றுகிறது, குரல் ஏறுகிறது. நம் ஸ்மித்தி ஷாப் உலை புளோயரின் வாயை ஒரு தகட்டால் மூடிப் பாருங்கள், காதாலேயே தெரியும். ஆக, வேகமான சத்தமும் குறைந்த காற்றும் சேர்ந்து வந்தால் அடைப்பு. ஆம்மீட்டர் வைத்தால் கரண்டும் வழக்கத்தைவிடக் குறைவாகக் காட்டும். மோட்டார் முக்கி முனகிச் சுற்றி, கரண்ட் அதிகமாக இழுத்தால் பேரிங் இறுகியிருக்கிறது. முனகலும் குறைவு, கரண்டும் குறைவு என்றால் மோட்டாருக்கு வோல்டேஜ் போய்ச் சேரவில்லை.

அந்த மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகணும். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் சுமார் 14 வோல்ட். மோட்டார் கனெக்டரில், முழு வேகத்தில், ஓடும்போதே அளந்தால் 10 வோல்ட்தான் என்று வைத்துக்கொள்வோம். மீதி 4 வோல்ட் எங்கே போச்சு? வழியில் ஏதோ ஒரு கனெக்டரோ எர்த்தோ தின்கிறது. கரண்ட் 15 ஆம்பியர் என்றால் அந்த ஒரு இடத்தில் 60 வாட் சூடு. நம் லேபில் இருக்கிற சால்டரிங் அயர்ன் 25 வாட்! கனெக்டர் பழுப்பேறி உருகுவது ஏன் என்று இப்போது புரிகிறதா? மோட்டாரைக் கழற்றிவிட்டு ஒயரில் மட்டும் மீட்டர் வைத்தால் ஜம்மென்று 14 காட்டும். கரண்ட் ஓடாதபோது வோல்டேஜ் விழாது. ஓம் விதியை எழுதத் தெரிந்த நமக்கு, லோடோடு அளக்கணும் என்பது மறந்துபோகிறது.

அண்ணனின் ரெசிஸ்டர் இரண்டு முறை போனதற்கும் அதே சருகுதான் காரணமாக இருந்திருக்கணும். ரெசிஸ்டரைக் காற்று வழியிலேயே வைத்திருப்பது அது குளிர்வதற்காக. காற்று நின்றால் வெந்து, உள்ளே உள்ள ஃபியூஸ் அறுந்துவிடும். ரெசிஸ்டர் போன வண்டி கடைசி ஸ்பீடில் மட்டும் ஓடும், ஏனென்றால் அந்த ஸ்பீடுக்கு ரெசிஸ்டர் வழியில் இல்லை. போனதை மாற்றி, போக வைத்ததை விட்டுவிட்டால் மறுபடி அதே கதைதான்.

காசு செலவில்லாத சோதனைகளும் உண்டு. உள்காற்று சுற்றும் பட்டனை அழுத்தினால் காற்று நன்றாகக் கூடுகிறதா? அப்போ அடைப்பு வைப்பருக்குக் கீழே உள்ள வெளிக்காற்று வாயில். கூடவில்லையா? ஃபில்டரைப் பார், பிறகு கூலிங் காயிலைப் பார். ஹீட்டர் போட்டாலும் காற்று முதலில் கூலிங் காயிலைத் தாண்டித்தான் வரணும். முகத்துக்கு நன்றாக வந்து கண்ணாடிக்கு மட்டும் வரவில்லையென்றால் ஃபிளாப்பில் கோளாறு. எலி கூடு கட்டியிருப்பதும் உண்டு, சிரிக்காதீர்கள். ஒயரை வெட்டி ஒட்டிய வண்டியில் இரண்டு ஒயரும் மாறிப்போய் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றலாம். அப்போதும் காற்று முன்னாலதான் வரும், ஆனால் பாதி கூடத் தேறாது.

சமவெளிக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஹீட்டருக்கும் ஏ.சி.க்கும் பெரும்பாலும் ஒரே புளோயர்தான். சென்னையில் ஏ.சி. குளிரவில்லை என்றதும் "கேஸ் போடணும்" என்கிறார்களே, அதில் எத்தனை வண்டியில் முதலில் ஃபில்டரை உருவிப் பார்த்தார்கள்? ஸ்கேனர் மாட்டினால் எல்லாம் தெரியும் என்கிறான் நம்ம செட்டில் ஒருத்தன். தெரியட்டும், நல்லதுதான். ஆனால் சருகு அடைத்ததற்கு எந்தக் கோடும் வராதடா!

நம் பிராக்டிகலில் ஏ.சி. லே-அவுட் வரைந்து பாகம் குறிக்கச் சொல்கிறார்கள். வரைகிறோம். கோளாறு உள்ள வண்டி ஒன்றை நம் முன்னால் நிறுத்தி "என்னவென்று கண்டுபிடி" என்று யாராவது சொன்னதுண்டா? துறைத் தலைவர் அவர்களுக்கு மாணவர் பேரவை வழியாக நான் வைக்கும் வேண்டுகோள் இதுதான்: ஒரு பிராக்டிகலாவது அப்படி இருக்கட்டும். புது மெஷின் கேட்கவில்லை, பட்ஜெட்டும் வேண்டாம். லேப் மூலையில் நிற்கிற பழைய காரின் புளோயர் இன்னும் ஓடுகிறது, போட்டுப் பார்த்துவிட்டேன். ஃபில்டர் வாயில் சொருகுவதற்கு அட்டை நான் கொண்டு வருகிறேன்.