கம்பீர் தொகுதியும் நம் லயத்து வீடும்

"யாரு ஒய்.பி.யா வந்தா நமக்கென்னங்க? விடிஞ்சா பெரட்டுக்குத்தானே போகணும்!" இப்படிச் சலித்துக்கொள்வது நம் தோட்டங்களில் பழகிப்போன பேச்சு. நாடாளுமன்றத் தேர்தல் என்றாலாவது ஒட்டுக்கடையில் நாலு பேர் காரசாரமாக வாதாடுவார்கள். ஜொகூர் சட்டமன்றம் என்றால் அந்த அக்கறையும் கிடையாது. ஆனால் தோட்டப் பாட்டாளியின் தலைக்கு மேலிருக்கும் கூரை கோலாலம்பூரைவிட ஜொகூர் பாருவைத்தான் அதிகம் நம்பியிருக்கிறது. சம்பளச் சட்டமும் சேமநிதியும் பள்ளிக்கூடமும் மத்திய அரசின் கையில் இருக்கின்றன. நிலமோ மாநில அரசின் கையில்!

இதைக் கொஞ்சம் விளக்கித்தான் ஆகவேண்டும். நம் பெற்றோர் காலத்துத் தோட்டத் துண்டாடலை மறந்திருக்க மாட்டீர்கள். அதற்குக் கடிவாளம் போடத்தான் 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தில் பிற்பாடு 214ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்ற வேண்டுமானால் மாநிலத்தின் தோட்ட நில வாரியம் தலையசைக்க வேண்டும். அதே சட்டத்தின்படி, பயிர் செய்யக் கொடுத்த நிலத்தில் தொழிற்சாலையோ வீடமைப்புத் திட்டமோ கட்டுவதற்கும் மாநில அரசிடமே போகவேண்டும். அனுமதி கொடுக்கும்போது புதிய நிபந்தனைகளைப் போடவும் அதற்கு அதிகாரம் உண்டு. தொழிலாளிக்கு வீடு கட்டிக் கொடு, கோவிலுக்கும் பள்ளிக்கும் இடம் ஒதுக்கு என்று கம்பெனியிடம் கண்டிப்பாகச் சொல்லக்கூடிய நேரம் அந்த ஒரு நேரம்தான். அதை விட்டுவிட்டால் பிறகு கெஞ்சல்தான், மனுதான், மறியல்தான்.

மத்திய அரசின் சட்டம் தருவது என்ன? 1980ஆம் ஆண்டு ஆள்குறைப்பு விதிகளின்படி, ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவருக்கு ஓராண்டுக்கு 20 நாள் சம்பளம் வீதம் நட்ட ஈடு. முப்பது வருஷம் பால் வெட்டியவருக்கு 600 நாள் கூலி கிடைக்கும். அந்தக் கணக்கில் வீடு வராது. வீடுதானே நம் பெரிய கவலை?

இதை மனத்தில் வைத்துக்கொண்டு மூவார் மண்ணின் மைந்தர் ஒருவரின் அரசியல் வாழ்வைப் பார்ப்போம். டான்ஸ்ரீ முகைதீன் யாசின் 1947ல் மூவாரில் பிறந்தவர். தந்தையார் சமய ஆசிரியர். மூவாரிலேயே படித்து, மலாயாப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, ஜொகூர் அரசாங்க ஊழியத்தில் சேர்ந்து, 1978ல் பாகோ நாடாளுமன்ற உறுப்பினரானார். 1986ல் புக்கிட் செரம்பாங் சட்டமன்றத் தொகுதியில் வென்று மந்திரி புசார் நாற்காலியில் அமர்ந்தார். 1995 வரை, ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள், ஜொகூர் நிலத்தின் சாவி அவர் தலைமை வகித்த ஆட்சிக்குழுவிடம் இருந்தது.

அந்த ஒன்பது ஆண்டுகளில் ஜொகூர் மாறிய வேகத்தைக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். சிங்கப்பூர் முதலாளிகளும் ஜப்பான் கம்பெனிகளும் வந்து இறங்கினார்கள். ஜொகூர் பாருவைச் சுற்றி இரப்பரும் செம்பனையும் நின்ற இடங்களில் தொழிற்பேட்டைகளும் வீடமைப்புப் பகுதிகளும் எழுந்தன. வளர்ச்சி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நம் பிள்ளைகளும் அந்தத் தொழிற்சாலைகளில் வேலைக்குப் போனார்களே! ஆனால் நிலம் கைமாறியபோது அங்கே தலைமுறை தலைமுறையாய்க் குடியிருந்தவனுக்கு என்ன நிபந்தனை எழுதப்பட்டது என்று சட்டமன்றத்தில் எழுந்து கேட்க நமக்கு எத்தனை குரல் இருந்தது? விரல் விட்டு எண்ணலாம். அந்தக் காலத்து மாநில ஆட்சியைப் பற்றி நமக்குள்ள பெரிய குறை இதுதான். இது ஒரு தனி மனிதர் மேல் மட்டும் போடக்கூடிய பழியுமல்ல.

1995க்குப் பிறகு அவர் கோலாலம்பூருக்குப் போனார். 2009ல் துணைப் பிரதமரும் கல்வி அமைச்சருமானார். அவரைப் பற்றிய சர்ச்சைகள் அப்போதுதான் சூடுபிடித்தன. 2010ல், தாம் முதலில் மலாய்க்காரர், பிறகுதான் மலேசியர் என்று சொன்னார். மறைத்துப் பேசுகிறவரைவிட மனத்திலுள்ளதைச் சொல்கிறவர் மேல் என்பார்கள் சிலர். நாட்டின் துணைப் பிரதமர் சொல்கிற பேச்சா இது என்பார்கள் மற்றவர்கள். நான் இரண்டாவது கட்சி. அடுத்து வந்தது 'இந்தர்லோக்' நாவல் விவகாரம். நம் முன்னோரைச் சாதிப் பெயரால் இழிவுபடுத்தும் சொல் இருந்த அந்த மலாய் நாவல் ஐந்தாம் படிவப் பாடநூலானது. நம் சமூகம் கொதித்தது. திருத்தி வைத்துக்கொள்ளலாம் என்றார் கல்வி அமைச்சர். கடைசியில் 2011 டிசம்பரில் அதை மீட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கையைக் கைவிடுவதாக 2009 ஜூலையில் அறிவித்தவர் இதே முகைதீன்தான். மலாய் மொழியைக் காக்க எடுத்த முடிவு அது. ஆனாலும் அதே முடிவால் நம் தமிழ்ப்பள்ளிகளில் வாய்ப்பாடு மறுபடியும் தமிழில் ஒலித்தது. பழைமைவாதியின் பிடிவாதம் சில சமயம் நமக்கும் நன்மையாய் முடிகிறது, என்ன செய்வது! 1எம்டிபி பணத்தைப் பற்றிப் பகிரங்கமாகக் கேள்வி கேட்டு 2015 ஜூலையில் பதவியை இழந்ததும் அவர்தான். அந்தத் துணிச்சல் அன்று அமைச்சரவையில் எத்தனை பேருக்கு இருந்தது?

பாகோ கதையைச் சொல்லாமல் விட முடியாது. அவர் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், அவருடைய சொந்தத் தொகுதியில், சைம் டார்பி தோட்ட நிலத்தில் ஏறக்குறைய 500 ஏக்கரில் உயர்கல்வி நகரம் திட்டமிடப்பட்டது. செம்பனைக் குலை சுமந்த மண்ணில் இப்போது பல்கலைக்கழக வளாகங்களும் ஒரு பாலிடெக்னிக்கும் நிற்கின்றன. தொகுதிக்கு இது பெரிய லாபம், மறுக்கவில்லை. ஒரு தொகுதியின் பிரதிநிதி மனம் வைத்தால் தோட்ட நிலம் எவ்வளவு விரைவாக வேறு உருவம் எடுக்கும் என்பதற்குக் கண்ணெதிரே நிற்கும் சாட்சி இது. லனாட்ரோன் போன்ற அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்கள் இதை நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இப்போது கம்பீர் தொகுதிக்கு வருவோம். முன்பு மூவார் மாவட்டத்தோடு சேர்ந்திருந்து பின்னால் பிரிந்துபோன தங்காக் வட்டாரத்தில் உள்ளது அந்தச் சட்டமன்றத் தொகுதி. 2018 வரை ம.இ.கா.வின் எம். அசோஜன் அதன் உறுப்பினராக இருந்தார். அவர் எல்லாவற்றையும் சாதித்துவிட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. மனு கொண்டுபோனவர்களுக்குத் தெரியும். ஆனால் தமிழிலேயே குறையைச் சொல்லிக்கொள்ளக்கூடிய ஒரு சட்டமன்ற உறுப்பினர் இந்த வட்டாரத்தில் இருந்தார். 2018 மே மாதத் தேர்தலில், அம்னோவிலிருந்து விலக்கப்பட்டுப் பெர்சத்து கட்சியை உருவாக்கியிருந்த முகைதீன், பாகோவோடு கம்பீரிலும் நின்று அசோஜனை வீழ்த்தினார். பூமிபுத்ரா அல்லாதார் முழு உறுப்பினராக முடியாத கட்சி பெர்சத்து. ஆனாலும் ஆட்சி மாறட்டும் என்று நம்மவர்களும் அந்தக் கூட்டணிக்கு ஓட்டுப் போட்டார்கள்.

அந்த ஓட்டு என்னவாயிற்று? 2020 பிப்ரவரியில் கூட்டணியை உடைத்துக்கொண்டு பெர்சத்து வெளியேறியது. மார்ச் முதல் தேதி, அம்னோ, பாஸ் ஆதரவோடு முகைதீன் பிரதமரானார். ஜொகூரிலும் அதே கையோடு ஆட்சி கவிழ்ந்தது. புக்கிட் கெப்போங் உறுப்பினர் டாக்டர் சஹ்ருடின் ஜமால் மந்திரி புசார் பதவியை இழக்க, அம்னோவின் ஹஸ்னி முகமட் அமர்ந்தார். தேர்தலில் நாம் மாற்றிய மாநில அரசு, தேர்தலே இல்லாமல் மாறியது. கம்பீரின் சட்டமன்ற உறுப்பினரோ இப்போது நாட்டின் பிரதமர்! தோட்டத்து மனுவைத் தூக்கிக்கொண்டு புத்ராஜெயாவுக்கா போவது?

பிரதமராக இருந்த பதினேழு மாதமும் கொரோனாவோடு போயிற்று. 2021 ஜனவரியில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு, நாடாளுமன்றமும் சட்டமன்றங்களும் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. சேமநிதியிலிருந்து எடுத்துக்கொள்ள வழிவிட்டார்கள். பசிக்கு அது உதவியது, முதுமைக்கு வைத்திருந்தது கரைந்தது. 2021 ஆகஸ்டில் பதவி விலகினார். 2023ல் அதிகார முறைகேடு, கள்ளப்பண மாற்றுக் குற்றச்சாட்டுகள் வந்தன. முறைகேட்டுக் குற்றச்சாட்டுகள் நான்கிலிருந்தும் உயர்நீதிமன்றம் விடுவித்ததை 2024 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாற்றியது. அது நீதிமன்றத்தின் வேலை, இந்தப் பத்தியின் வேலையல்ல.

2022 மார்ச்சில் ஜொகூர் சட்டமன்றத் தேர்தல் வந்தபோது அவர் கம்பீரில் நிற்கவில்லை. தொகுதி ம.இ.கா.வுக்குத் திரும்பியதா? இல்லை, அம்னோ எடுத்துக்கொண்டு வென்றது. ம.இ.கா. வென்ற காஹாங், கெமேலா, தெங்காரோ மூன்றும் வேறு வட்டாரங்கள். மாநிலம் முழுவதும் நூற்றுக்கு ஐம்பத்தைந்து பேர்தான் அன்று ஓட்டுப் போட்டார்கள். சிங்கப்பூரில் வேலை செய்யும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் ஊருக்கு வந்தார்கள் என்பது உங்கள் லயத்திலேயே எண்ணிப் பார்க்கக்கூடிய கணக்கு.

உங்கள் தோட்டம் விற்கப்படப்போகிறது என்று கிராணியோ மண்டோரோ சொல்லிக் கேள்விப்பட்டால், வதந்தியோடு உட்கார்ந்திருக்காதீர்கள். லாட் நம்பரைத் தெரிந்துகொண்டு நில அலுவலகத்துக்குப் போங்கள். கட்டணம் கட்டினால் பட்டா விவரத்தை யாரும் பார்க்கலாம். நிலம் யார் பெயரில் இருக்கிறது, எந்த உபயோகத்துக்குக் கொடுத்தது என்பது அதில் இருக்கும். அந்தத் தாளையும் சேர்த்து, எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் சரி, உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் மனுவைக் கொடுங்கள். வீட்டுக்கும் பள்ளிக்கும் கோவிலுக்கும் நிபந்தனை கேட்டு எழுதுங்கள். அனுமதி கிடைத்த பிறகல்ல, அதற்கு முன்னால்.