பௌபஜாரில் திறந்த கதவு

லேக் மார்க்கெட்டிலிருந்து ஜாதவ்பூர் பக்கம் பஸ்ஸில் போகும் நம்மவர்களில் எத்தனை பேர், ராஜா எஸ்.சி. மல்லிக் ரோட்டிலுள்ள இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தை ஏறிட்டுப் பார்த்திருப்பார்கள்? "அது படித்த பெரியவர்கள் இடம், நமக்கென்ன?" என்று கடந்துவிடுகிறோம். இந்நகரில் கணக்கெழுதிப் பிழைத்த தமிழருக்கு அந்த நிலையத்தின் மீது தனி உரிமையே உண்டு.

1876-ல் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் பௌபஜார் தெருவில் இக்கழகத்தைத் தொடங்கினார். அவர் வைத்தியர். ஊரார் கொடுத்த நன்கொடையே மூலதனம். விஜயநகரம் மகாராஜா தந்த பணத்தில் ஓர் ஆய்வுக்கூடமும் எழுந்தது. பொதுமக்கள் வந்து விஞ்ஞானச் சொற்பொழிவு கேட்க வேண்டும் என்பது சர்க்காரின் முக்கிய நோக்கங்களில் ஒன்று.

1907-ல் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன் உதவி அக்கவுண்டண்ட் ஜெனரலாகக் கல்கத்தா வந்தார். பதவி பெரிது என்றாலும் பகலெல்லாம் கணக்கும் கோப்பும்தான். டிராமில் போகும்போது இக்கழகத்தின் பலகையைப் பார்த்து இறங்கிக் கதவைத் தட்டினார். திறந்தவர் உதவியாளர் ஆஷுதோஷ் டே. நிறுவனரின் மகன் அமிர்தலால் சர்க்கார், ஆய்வுக்கூடத்தைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளச் சொன்னார். "நீர் எந்த இலாகா? எந்தப் பல்கலைக்கழகம் அனுப்பியது?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆபீசுக்கு முன்பும் பின்பும் உழைத்த ராமன், 1917-ல் சர்க்கார் உத்தியோகத்தை விட்டுக் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். சம்பளம் ஏறக்குறையப் பாதியாயிற்று. ஆய்வு மட்டும் பௌபஜாரிலேயே தொடர்ந்தது.

அங்கேதான் 1928 பிப்ரவரி 28-ல், வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணனின் துணையோடு ராமன் விளைவு கண்டறியப்பட்டது. 1930-ல் நோபல் பரிசும் வந்தது. விஷயம் இதுதான்: ஒரு மூலக்கூறிலுள்ள அணுக்கள், சுருள்கம்பியில் கோத்த குண்டுகள்போல் ஓயாமல் அதிர்கின்றன. ஒளி பட்டதும் அதில் மிகச் சிறு பகுதி, அந்த அதிர்வுக்குச் சிறிது சக்தியைக் கொடுத்தோ அதிலிருந்து வாங்கியோ நிறம் மாறி வெளிவருகிறது. இந்த மாற்றம் மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறுபடும். மனிதனின் கைரேகை மாதிரி. போலி மருந்தையும் போதைப் பொருளையும் உறையைப் பிரிக்காமலே கண்டுபிடிக்க இன்று இம்முறை உதவுகிறது.

தண்ணீர் மூலக்கூறில் மூன்றே அணுக்கள். நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினிலோ ஆயிரக்கணக்கான அணுக்கள். அதன் ஒருவகைச் சங்கிலியில் 146 கண்ணிகள் உண்டு. அவற்றில் ஒரே ஒரு குறிப்பிட்ட கண்ணி மாறுவதால் அரிவாள் செல் சோகை என்னும் கொடிய நோய் வருகிறது. நீலகிரிப் பழங்குடி மக்களை வாட்டும் நோய் அது. இத்தகைய சிக்கலை ஒருவரே அவிழ்க்க முடியாது. நோயை வைத்தியர் காண்கிறார். பொருளை ரசாயன அறிஞர் பிரிக்கிறார். பௌதிக அறிஞர் ஒளியைச் செலுத்துகிறார். அசைவுகளைக் கணித அறிஞர் கம்ப்யூட்டரில் கணக்கிடுகிறார். பெங்களூரில் ராமனிடம் பயின்ற ஜி.என். ராமச்சந்திரன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியராக இருந்துகொண்டே, தோலுக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் கொலாஜனின் முப்புரி அமைப்பை 1954-ல் வெளியிட்டார். அண்டையிலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அவருக்கு உதவிற்று. இலாகாச் சுவர்களை மதிக்காததால் வந்த வெற்றி இது.

ஜாதவ்பூருக்குக் குடிபெயர்ந்த கழகம் 2018-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. பௌதிகம், ரசாயனம், உயிரியல், கணிதம் ஆகியவற்றோடு, பல துறைகளை இணைக்கும் பிரிவும் அங்கு உண்டு. பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் நுழைவுத் தேர்வு எழுதிச் சேரக்கூடிய பட்டப் படிப்பும் நடக்கிறது.

"வாடகையும் அரிசி விலையும் கழுத்தை நெரிக்கும்போது மூலக்கூறு எதற்கு?" என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் நாம் விழுங்கும் மாத்திரையும் நம் பிள்ளையின் ரத்தப் பரிசோதனையும் இந்த ஆராய்ச்சியின் பலன்கள்தாம். மேலும், இத்தகைய நிலையங்கள் நடப்பது நம் வரிப்பணத்தில். தொழிலாளி வாங்கும் தீப்பெட்டியின் வரியும் அதில் சேர்ந்திருக்கிறது.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். ஒன்று, பொதுப்பணத்தில் நடக்கும் எல்லா ஆராய்ச்சி நிலையங்களுக்கும். ஆண்டுக்கொரு முறை தேசிய விஞ்ஞான தினம் கொண்டாடுவதோடு நின்றுவிட வேண்டாம். மாதத்தில் ஒரு மாலையேனும், ஆபீஸ் விட்டபின், குமாஸ்தாவும் தொழிலாளியும் புரிந்துகொள்ளும் பாஷையில் பேசுங்கள். இது சலுகை அல்ல; டாக்டர் சர்க்கார் 1876-ல் ஏற்ற கடமை.

மற்றொன்று நம்மவர்க்கு. பிள்ளை கணக்கிலோ ரசாயனத்திலோ ஆர்வம் காட்டினால், என்ஜினீயரிங் அல்லது பாங்கு வேலை என்று உடனே அணை போடாதீர்கள். பாதிச் சம்பளத்துக்குத் துணிந்த ஓர் ஆபீஸ்காரரால்தான் இந்நகரில் தமிழன் பெயர் நிலைத்தது. நம் தமிழ்ச் சங்கங்கள் பாட்டுக் கச்சேரிக்கும் பொங்கல் விழாவுக்கும் பஸ் ஏற்பாடு செய்கின்றன. பிப்ரவரி 28 அன்று பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஜாதவ்பூருக்கு ஒரு பஸ் விட்டால் என்ன? அன்று ராமன் தட்டியதுபோல் இன்று நம் பிள்ளைகள் தட்டட்டும். திறப்பது அந்த நிலையத்தின் பொறுப்பு.