தோசைக்கல் டெஃப்லானும் வானத்துக் குப்பையும்



பேத்தியின் கல்லூரியில் சிறிய செயற்கைக்கோள் செய்யப்போகிறார்களாம். பத்து சென்டிமீட்டர் கனசதுரம். மகிழ்ச்சி. "வேலை முடிந்ததும் எப்படிக் கீழே இறக்குவீர்கள்?" என்றேன். "அதில் எஞ்சினே இல்லை தாத்தா, செலவு கட்டாது" என்றாள்.

செலவைக் காரணம் சொல்வது சரியல்ல என்பது என் கருத்து. நான்ஸ்டிக் தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அந்த டெஃப்லானைக் கொண்டே எஞ்சின் செய்யலாம். புதிய சங்கதியும் அல்ல. 1964 நவம்பர் 30 அன்று சோவியத் நாடு செவ்வாயை நோக்கி ஏவிய சோண்ட்-2 கலத்தில் இது இருந்தது. 1968-இல் அமெரிக்காவின் லெஸ்-6 செயற்கைக்கோளிலும் வேலை செய்தது.

வகுப்பில் சொல்வதுபோலவே சொல்கிறேன். ஒரு டெஃப்லான் கட்டி, அதைத் தள்ள ஒரு ஸ்பிரிங், இரண்டு மின்முனைகள், ஒரு மின்தேக்கி, ஒரு ஸ்பார்க் பிளக். சூரியத் தகடு மின்தேக்கியை நிரப்பும். பிளக் பொறி தட்டியதும் மின்சாரம் டெஃப்லான் முகத்தில் பாயும். சில மைக்ரோகிராம் ஆவியாகி பிளாஸ்மாவாகும். மின்னோட்டம் உண்டாக்கும் காந்தப்புலமே அதை நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் வெளியே தள்ளும். கலம் எதிர்ப்பக்கம் நகரும். நியூட்டனின் மூன்றாம் விதி, மறந்திருக்க மாட்டீர்கள்! டாங்க் இல்லை, வால்வு இல்லை, குழாய் இல்லை, நச்சு எரிபொருளும் இல்லை.

குறை இல்லாமல் இல்லை. மின்சாரத்தில் பெரும்பகுதி வீணாகும். தள்ளுவிசையோ, கையில் ஒரு கொசு உட்கார்ந்தால் உணரும் அளவுதான். ஆனால் இலட்சக்கணக்கான முறை, மாதக்கணக்கில் தள்ளினால் ஒன்றரைக் கிலோ கலத்தின் பாதையை மாற்றப் போதும். சிறுதுளி பெருவெள்ளம்.

2009 பிப்ரவரி 10-இல் செயலிழந்த ரஷ்யக் கோள் ஒன்று, வேலை செய்துகொண்டிருந்த இரிடியம் கோளில் மோதி இரண்டும் நொறுங்கின. கண்காணிக்கத்தக்க துண்டுகளே ஆயிரத்துக்கும் மேல். பணி முடிந்த கோள்களை ஐந்தாண்டுக்குள் இறக்க வேண்டும் என்று அமெரிக்கா 2022-இல் விதி செய்தது. காற்று இழுத்து இறக்கும் தாழ்ந்த பாதையென்றால் பரவாயில்லை. உயரத்தில் விடுபவர்களுக்கு எஞ்சின் கட்டாயம் வேண்டும்.

பொறியியல் கல்லூரிகளில் பாடம் நடத்தும் என் மாணவர்களே, ஏவும் நாளில் கைதட்டுவதோடு நம் வேலை முடிவதில்லை. சாப்பிட்ட இலையை எடுத்துப் போடவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் ஆசிரியர்